சாமான் முதலில், கால் பிறகு

பாப்பா,

நீ என்னோடு பேசுவதை நிறுத்தி ஒரு வாரத்துக்கு மேலாகிறது. அம்மாவோடு பேசுகிறாய், அது எனக்குத் தெரியும். அவள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்குகிறாள். நான் ஹாலில் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "அப்பா என்ன பண்றாரு?" என்று நீ கேட்பாயா என்று ஒவ்வொரு முறையும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறேன். நீ கேட்பதில்லை. நேற்று அம்மாவே பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள்: "ஃபோன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துறீங்க. பேசாம எழுதித் தொலைங்க. எழுதும்போது குறுக்க பேச ஆளில்ல." எழுதி முடித்ததும் அவள் தன் ஃபோனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். கையெழுத்து புரியவில்லை என்று மட்டும் சாக்குச் சொல்லாதே. கப்பல் டிக்கெட் எழுதி எழுதிப் பழகிய கை இது, கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் கோணாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. நீ வடிவமைத்த அந்த எஸ்கலேட்டர் படி இப்போது நம் ஹாலில், ஜன்னலுக்குக் கீழே, சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. அதன் முன் மூலையில் சில பற்கள் இல்லை. உடைந்த துண்டுகள் என் சட்டைப் பையில் இருக்கின்றன. சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றிக்கொள்கிறேன். இதே மாதிரிப் படிகள் இன்னும் கொஞ்ச நாளில் நம் ஊர் பஜாரில் எழும்பிக்கொண்டிருக்கும் புதுக் கட்டடத்துக்கு வரப்போகின்றன. அவற்றை வார்க்கச் சொல்லி நீ கையெழுத்துப் போடவேண்டும். நீ அதைப் போடுவதற்குள் இந்தக் கடிதம் உன் கண்ணில் பட்டுவிட வேண்டுமே என்றுதான் காலையிலிருந்து அவசர அவசரமாக எழுதுகிறேன்.

நீ லீவில் வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறதா? ஏர்போர்ட்டில் உன் துணிப்பெட்டியை நான் வாங்கிக்கொள்ள விட்டாய், அந்த அட்டைப்பெட்டியை மட்டும் தொடவிடவில்லை. ஏதோ எங்களுக்கு மிக்ஸி வாங்கி வந்திருக்கிறாள் என்று அம்மா ஆட்டோவில் வரும் வழியெல்லாம் முகமலர்ச்சியோடு வந்தாள். ஹேடோவில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்து தெர்மாகோலைப் பிரித்தால் உள்ளே பளபளவென்று ஒரு படி! கோடு கோடாகப் பற்கள் ஓடும் அலுமினியப் படி. "அப்பா, ஒரு கையால தூக்குங்க" என்றாய். தூக்கினேன். தூக்க முடிந்தது. "பழசா இருந்தா ரெண்டு கையும் வேணும், அப்புறம் இடுப்புக்குத் தைலம் வேணும்" என்று சொல்லிச் சிரித்தாய். உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து எத்தனையோ காலமாயிற்று.

அன்று நீ சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு படியின் எடை குறைந்தால் அதை இழுக்கும் சங்கிலி குறையும், மோட்டார் குறையும், கரண்ட் குறையும். வார்ப்புக்கு ஊற்றும் உலோகமும் மிச்சம். பணக்கார ஊர்களுக்கு மட்டும் என்று இருக்கும் எஸ்கலேட்டர் நம் மாதிரி ஊருக்கும் கட்டுப்படியாகும். "அம்மா மாதிரி முட்டிவலிக்காரங்க மாடி ஏறணும்பா, அதுக்குத்தான் இந்தப் பாடு" என்றாய். மேடும் பள்ளமுமான இந்த ஊரில் முட்டி தேயாத பெண்பிள்ளை யார் இருக்கிறாள்? அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்திருப்பேன், அதற்குள் நீ படியைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பக்கத்தைக் காட்டினாய். விலா எலும்பு மாதிரிப் பட்டைகள் ஓடின. அவைதான் படியைத் தாங்குகின்றன என்றாய். முன் மூலையில் கட்டைவிரலை வைத்து, "இங்க இருந்த பட்டையை எடுத்துட்டேன்பா. பல்லையும் சன்னமாக்கிட்டேன். இந்த மூலையில யாரும் பாரம் வைக்கப்போறதில்ல, எல்லாரும் நடுவுலதான் நிப்பாங்க" என்றாய். நான் "பலே" என்றேன். வாய்தான் பலே என்றது. மனசுக்கு என்னவோ ஒப்பவில்லை. என்னவென்று எனக்கே புரியவில்லை. நான் எதற்குத்தான் பயப்படவில்லை என்று அதை அப்படியே விழுங்கிவிட்டேன்.

உன் அப்பன் பயந்தாங்கொள்ளி என்பது ஊரறிந்த விஷயம். கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றலாகிப் போனோமே, அப்போது நீ ஒண்ணாங்கிளாஸ். கப்பல் ஜெட்டியோடு ஒட்டி நிற்கமாட்டேன் என்று அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏணியின் அடிப்படி ஒரு நேரம் ஜெட்டிக்கு மேலே இருக்கும், மறு நேரம் கீழே போய்விடும். நடுவில் கறுப்பாகத் தண்ணீர். அம்மா யோசிக்கவே இல்லை. டிரங்குப் பெட்டியைத் தூக்கி ஜெட்டியில் டொம்மென்று போட்டாள், பெட்டியின் பின்னாலேயே குதித்தாள். அடுத்து நீ குதித்தாய். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசையாகச் சனம். "அரே தாதா, ஆகே படோ! ஜல்தி கரோ!" என்று முன்னால் போகச் சொல்லி அவசரப்படுத்திக் கத்துகிறார்கள். கவுண்டருக்குள் உட்கார்ந்து அத்தனை பேரையும் கப்பல் ஏற்றிய மனுஷன், தான் இறங்க முடியாமல் நிற்கிறேன். அப்போது நீ திரும்பி என்னைப் பார்த்தாய். "வாங்கப்பா, ஒண்ணுமில்ல" என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன், குதித்துவிட்டேன்.

இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், அம்மா அன்றைக்குச் செய்ததைத்தான் இந்தத் தீவில் எல்லோரும் செய்கிறோம். சாமான் முதலில், கால் பிறகு. இரண்டு கையும் காலியாக இருந்தால்தான் கயிற்றையோ கம்பியையோ பக்கத்து ஆளின் தோளையோ பிடிக்க முடியும். அதனால் மூட்டையை முதலில் வீசிவிட வேண்டும். அது போய் விழுகிற சத்தத்தை வைத்தே பலகை கெட்டியா, வழுக்குமா என்று தெரிந்துவிடும். அப்புறம் விளிம்பில் குதிக்க வேண்டும். ஃபெர்ரியின் சாய்வுப் பலகையில் நடுப்பகுதி முழுக்க டீசலும் பாசியும், விளிம்பில்தான் கால் நிற்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. வங்காளி, தெலுங்கன், மலையாளி, ராஞ்சிக்காரன், நாம், எல்லோருக்கும் காலிலேயே ஊறிப்போய்விட்டது.

நீ காலேஜில் சேர்ந்த வருஷம் சென்னைக்கு வந்தோமே, அந்தக் கூத்தை நீ மறந்திருக்கமாட்டாய். உன் தோழிகளோடு ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப்போனாய். எஸ்கலேட்டர் முன்னால் வந்ததும் அம்மா தேங்காயும் கருவாடும் நிறைத்த பையை டொம்மென்று படியில் போட்டாள், பின்னாலேயே குதித்தாள், போய்விட்டாள். நானும் என் பையைப் போட்டேன். பை போய்விட்டது. நான் போகவில்லை. என் பை மட்டும் தனியாக, ராஜா மாதிரி, மேலே ஏறிப் போவதை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். "அப்பா, இது ஜெட்டி இல்லப்பா!" என்று நீ மேலேயிருந்து கத்தினாய். உன் தோழிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் பக்கத்திலிருந்த சாதாரணப் படியில் ஏறி வந்து பையை வாங்கிக்கொண்டேன். அன்றோடு சரி, இன்றுவரை நான் எஸ்கலேட்டரில் கால் வைத்ததில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் இந்தத் தடவை நீ வீம்பாகச் சொன்னாய்: "பஜார்ல திறக்கும்போது என் படியில முதல் ஆளா நீங்கதான் ஏறணும்பா." அந்தச் சமயம் நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

நீ ஊருக்குப் போன பிறகு அந்தப் படி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் காணோம். வாசலில் சாக்கடை ஓடும் நாலிக்கு மேலே போட்டிருக்கிறாள் உன் அம்மா! அங்கே கிடந்த பழைய பலகை இற்றுப்போய்விட்டதாம். "எம் பொண்ணு செஞ்ச படி, நான் மிதிக்காம வேற யாரு மிதிக்கணும்?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தேவையில்லாமல் வெளியே போய் வந்தாள் என்று எனக்குத்தான் தெரியும். நான் மட்டும் நாலியைத் தாண்டித்தான் போனேன்.

அந்தச் சனிக்கிழமை கேஸ் வண்டி வந்தது. வழக்கம்போலச் சரிவில் இறங்கமாட்டேன் என்று மேலே ரோட்டிலேயே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அப்பாராவ்தான் நம் சிலிண்டரையும் சேர்த்து இறக்கிக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற மனுஷர், தோள்மேல் வைத்த பிறகு அவருக்கு அது சிலிண்டர் என்றே தோன்றாது. நாலி அருகே வந்தார். அப்புறம் அவர் செய்ததை நீயே ஊகித்திருப்பாய். சிலிண்டரைப் படியின் முன் மூலையில் டொம்மென்று வைத்தார், கையால் கதவு நிலையைப் பிடித்தார், விளிம்பில் குதித்து உள்ளே வந்தார். சத்தத்தில் ஒரு வித்தியாசம் இருந்தது. கிணுக் என்று ஒன்று. "அரே பாப் ரே, டூட் கயா க்யா?" என்று, உடைந்துவிட்டதோ என அவர் குனிந்து பார்த்தார். உன் கட்டைவிரல் இருந்த அதே மூலை. பற்கள் சிதறி நாலிக்குள் கிடந்தன. அந்த மனுஷர் பதறிப்போய் நாலிக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்துக் கழுவிக் கொடுத்தார். "பேட்டீ குஸ்ஸா கரேகீ" என்று, நீ கோபித்துக்கொள்வாய் என என்னைவிட அவர்தான் அதிகம் பயந்தார்.

நான் உனக்கு உடனே ஃபோன் செய்தேன். செய்த விதம் தப்புத்தான். எடுத்த எடுப்பிலேயே "உன் படி உடைஞ்சு போச்சு பாப்பா" என்று கத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? "சாம்பிளைக் கொண்டுபோய் சாக்கடைமேல போட்டீங்களா?" என்று நீ கத்தினாய். எஸ்கலேட்டருக்குள் அந்தப் படி சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருக்கும், இரண்டு கல்லுக்கு நடுவே தொங்காது, நீங்கள் செய்தது சோதனையே இல்லை என்றாய். சரியாகத்தான் இருக்கும். நடுவில் தகடு வைத்து நாள்கணக்கில் விடாமல் அமுக்கிப் பார்த்துவிட்டோம், ஒரு கீறல்கூட விழவில்லை என்றாய். அதையும் நம்புகிறேன். "எஸ்கலேட்டர்ல யாருப்பா சிலிண்டர் தூக்கிட்டு வருவாங்க?" என்று கேட்டாய். "நம்ம ஊர்லயா?" என்று நான் கேட்டேன். அதற்கு நீ சொன்ன பதில்தான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. "போர்டு வைப்பாங்கப்பா. சாமானைப் போடாதீங்கன்னு போர்டு வைப்பாங்க." அப்புறம் லைன் கட்டாயிற்று. நம் ஊர் நெட்வொர்க் கட் பண்ணியதா, நீ கட் பண்ணினாயா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

எனக்கு உலோகம் தெரியாது பாப்பா. எந்த இடத்தில் எவ்வளவு கனம் வேண்டும் என்று நான் உனக்குச் சொல்ல வரவில்லை, அது உன் படிப்பு. எனக்குத் தெரிந்தது சனம் எப்படி ஏறி இறங்கும் என்பது மட்டும்தான். வேலை பார்த்த காலமெல்லாம் கவுண்டர் ஜன்னல் வழியாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியும் என் பயம்தான் கண்ணை மறைக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. அதனால் புதன்கிழமை மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தபோது அம்மாவையும் இழுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனேன். அம்மா வீடியோ எடுத்தாள். இந்தக் கடிதத்தோடு அதுவும் வரும். கொஞ்சம் ஆடும், நடுவே அவள் யாரையோ நலம் விசாரிப்பதும் கேட்கும், பொறுத்துக்கொள். பார். அரிசி மூட்டைக்காரர், யூனிஃபார்ம் போட்ட நர்ஸ், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் அந்த நிக்கோபாரிப் பெண், ஷூ போட்ட அதிகாரி, எல்லோரும் சாமானை முதலில் போடுகிறார்கள், அப்புறம் விளிம்பில் குதிக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலேயே ஒரு போர்டு இருக்கிறது, வீடியோவை நிறுத்திப் பார்த்தால் தெரியும். சாமானை வீசாதீர்கள் என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் பெயின்ட் அடித்திருக்கிறது. அந்தப் போர்டின் கம்பியில்தான் எல்லோரும் குடையை மாட்டிவைக்கிறார்கள்.

பல் உடைந்தால் என்ன, படியா இடிந்து விழப்போகிறது என்று உங்கள் ஆபீசில் யாராவது சொல்லலாம். நீதானே அன்று எனக்கு விளக்கினாய்? மேலே போய்ப் படி உள்ளே மறையும் இடத்தில் ஒரு சீப்பு இருக்கிறது, படியின் பற்கள் அந்தச் சீப்புக்குள் ஒழுங்காக நுழைவதால்தான் எதுவும் சிக்குவதில்லை என்று. பல் போன இடத்தில் ஓட்டை இருக்கும். நம் ஊரில் எல்லோர் காலிலும் இருப்பது ரப்பர் செருப்பு, வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை, செருப்பு எப்போதும் நனைந்து கொழகொழவென்று இருக்கும். அது அந்த ஓட்டைக்குள் போனால்? அதற்குள் இருக்கும் விரல் சின்னப் பிள்ளையுடையதாக இருந்தால்? இதை எழுதும்போதே பேனாவை இரண்டு தடவை கீழே வைத்து எடுத்தேன். இந்தப் பக்கத்தில் மட்டும் எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

இன்னொரு பயம் உன்னைப் பற்றியது. அதுதான் பெரிய பயம். நாள் விட்டு நாள் தண்ணீர் வரும் இந்த ஊரில், நீ எட்டாவது படிக்கும்போது, டிரம்மின் அடிக்குழாயைச் சரியாக மூடாமல் பள்ளிக்கூடம் போய்விட்டாய். நமக்கும் அப்பாராவ் வீட்டுக்கும் சேர்த்துப் பிடித்த தண்ணீர் மொத்தமும் போய்விட்டது. யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மறுபடி தண்ணீர் வரும்வரை நீ குளிக்கவில்லை, டீ குடிக்கவில்லை, அம்மா கெஞ்சிக் கொடுத்த தம்ளரையும் தள்ளிவிட்டாய். அதற்கப்புறம் இந்த வீட்டை விட்டுப் போகும்வரை தினமும் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப்போவாய். ஒரு டிரம் தண்ணீருக்கே அப்படி ஆன பிள்ளை நீ. உன் படியில் யாருக்காவது ஏதாவது ஆனால், ஊர் உன்னை மன்னித்துவிடும், உன் கம்பெனியும் யார்மேலாவது பழியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும், நீ உன்னை விடமாட்டாய். அப்போது உன்னைத் தேற்ற எனக்குத் தைரியம் இருக்காது. அந்த நாளை நினைத்துத்தான் நான் நடுங்குகிறேன்.

எடுத்த பட்டையைத் திரும்ப வைத்தால் எடை ஏறும், அச்சை மாற்ற வேண்டும், உங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்கள், இத்தனை வருஷம் நீ பாடுபட்டது தள்ளிப்போகும், வேறொருவர் முந்திக்கொள்ளவும் கூடும். இதெல்லாம் அம்மா என்னிடம் சொன்னாள், நீ அவளிடம் அழுததையும் சொன்னாள். அதைக் கேட்டபிறகு இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். உன் கனவுக்குள் ஒரு கூடை மண்ணை அள்ளிப் போடுகிறேனோ என்று இருந்தது. அம்மாவும் முதலில் உன் பக்கம்தான். ஜெட்டியிலிருந்து திரும்பிய அன்றுதான் மாறினாள். வீட்டுக்கு வந்ததும் நாலிமேல் கிடந்த படியைத் தூக்கிக்கொண்டு வந்து கழுவித் துடைத்து ஹாலில் வைத்தாள். "அவ கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா எனக்கு அழுகை வந்துரும்" என்றாள்.

இன்னும் ஒன்றைச் சொல்லவில்லை. ஃபோனில் வாய்வரை வந்தது, சொல்லியிருந்தால் நீ சத்தியமாக என்மேல் பாய்ந்திருப்பாய். படிக்காத சனம்தான் மூட்டையை வீசும் என்று நீ நினைக்கிறாய் அல்லவா? மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பாராடாங் போனோமே, உன் லீவின் கடைசியில்? ஃபெர்ரி அக்கரை சேர்ந்து பலகையை இறக்கியது. நீ ஒரு கையில் ஃபோனோடு யாருக்கோ ஆபீஸ் விஷயம் சொல்லிக்கொண்டிருந்தாய். பேச்சை நிறுத்தவே இல்லை. உன் டிராலிப் பெட்டியை மறு கையால் தூக்கிப் பலகையின் ஓரத்தில் டொம்மென்று போட்டாய், பின்னாலேயே விளிம்பில் குதித்தாய், அங்கிருந்த பையனின் தோளை ஒரு நொடி பிடித்தாய், பெட்டியை உருட்டிக்கொண்டு பேசியபடியே மேலே போய்விட்டாய். இத்தனை வருஷம் மெயின்லேண்டில் இருந்தும், வேலையெல்லாம் படியைப் பற்றியதாகவே இருந்தும், உன் கால் அதைத்தான் செய்தது. நீ என்ன செய்தாய் என்று உனக்கே தெரியாது. உன் பெட்டியின் ஒரு சக்கரம் இப்போது ஒழுங்காக ஓடாது, போய்ப் பார். மூலைச் சக்கரம்.

ஆகவே போர்டை நம்பாதே. உன்னையே நிறுத்த முடியாத போர்டு யாரை நிறுத்தும்? உங்கள் மீட்டிங்கில் போய் இந்த வீடியோவைப் போட்டுக் காட்டு. எங்க ஊர்ல இப்படித்தான் ஏறுவாங்க, நானும் இப்படித்தான் ஏறுவேன், இந்த மூலையை நினைச்சா எனக்குப் பயமா இருக்கு என்று அவர்கள் முன்னால் வாய் திறந்து சொல். பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கப்படாதே. நான் அந்த ஏணியில் நின்றபோது அதைச் சொல்லியிருந்தால் யாராவது கையை நீட்டியிருப்பார்கள், வீம்புக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதால்தான் எல்லோரும் திட்டினார்கள். மீதி இடத்தில் நீ குறைத்ததையெல்லாம் திரும்ப ஏற்று என்று நான் சொல்லவில்லை. அந்த மூலையை மட்டும் மறுபடி பார். பார்த்துவிட்டு, இல்லையப்பா, இதுவே போதும், நான் எல்லாவிதமாகவும் அடித்துப் பார்த்துவிட்டேன் என்று நீ சொன்னால் வாயை மூடிக்கொள்கிறேன். பார்க்காமல் சொல்லாதே.

திறப்பு நாளன்று நான் வருகிறேன். ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதுதான், முதல் ஆளாக மட்டும் அம்மாதான் போவாள். அம்மா புதுச் செருப்பு வாங்கமாட்டேன் என்கிறாள், அதே ரப்பர் செருப்போடுதான் வருவாள். கையில் கட்டாயம் ஒரு பை இருக்கும், நீ மேலே நிற்கிறாய் என்றால் உனக்கென்று ஏதாவது கட்டாமல் அவள் கிளம்பமாட்டாள். அந்தப் பையை அவள் டொம்மென்று உன் படியின் மூலையில்தான் போடப்போகிறாள். அதை நானும் தடுக்க முடியாது, நீயும் தடுக்க முடியாது. பின்னாலேயே விளிம்பில் குதிப்பாள். அந்த நேரம் நான் படியைப் பார்க்கப்போவதில்லை. கார் நிக்கோபார் ஜெட்டியில் பார்த்த மாதிரி உன் முகத்தைத்தான் பார்ப்பேன். அதில் பயம் இல்லையென்றால் நானும் பின்னாலேயே கால் வைத்துவிடுவேன். இருந்தால், அம்மாவின் கையைப் பிடித்து இழுப்பேன். அதற்கு நேரம் இருக்குமா பாப்பா?

அப்பா